தச்சுப்பட்டறையில் தொடங்கிய மருத்துவக் கல்வி

கொல்லிமலை என்றவுடன் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவது இயல்பு. வகுப்பறையில் ஓரியின் வில்லைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அதே மலையில் பிறந்த இன்னொருவரின் பெயரையும் நாம் சொல்லிவைப்பதுண்டு. பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், கையறுவை மருத்துவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்த முடியும் என்று வேலூரிலிருந்து உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர். மாணவர்கள் கேட்டுக்கொள்வார்கள், பிறகு ஓரிக்குத் திரும்பிவிடுவோம். தேர்வில் வருவது ஓரிதானே!

வகுப்பில் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. பிராண்டு என்ன செய்தார் என்பதைப் பல நூல்கள் சொல்கின்றன. அவர் எங்கே, யாரிடம் கற்றார் என்பதே நம்மை ஈர்ப்பது. ஆசிரியத் தொழிலில் இருப்பதனால் வந்த ஈர்ப்பு அது. அதோடு, அவர் வகுத்த முறையில் சீர்செய்யப்பட்ட கை ஒன்று நம் வீட்டிலும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பதைக் கேட்டு, உடம்புக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள் என்று எண்ணுவோர் இன்றும் உளர். உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. நெகிழிப் பொருளுக்கு அப்பெயர் வந்ததெல்லாம் பின்னாளில்தான். தமிழில் ஒட்டறுவை என்றும் உருவமைப்பு அறுவை என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள்; எதுவும் முழுமையாக நிலைபெறவில்லை. கையறுவை இத்துறையின் எல்லையில் இருக்கும் ஒரு நிலம். எலும்பு ஒரு மருத்துவருக்கு, நரம்பு இன்னொருவருக்கு, தோல் வேறொருவருக்கு என்று பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கைக்குள் இவையனைத்தும் ஒரு விரற்கடை இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன, ஆகவே ஒருவரே அனைத்தையும் கற்றாக வேண்டும் என்று வாதிட்டவர் அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல். அவருடைய கையறுவை நூல் 1944இல் வெளிவந்தது.

இன்று நம் நாட்டில் ஒருவர் இத்துறைக்கு வரவேண்டுமானால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்றாண்டு, அதன்மேல் எம்.சிஎச். மூன்றாண்டு. இடையில் எழுதும் நுழைவுத் தேர்வுகளுக்குப் போகும் காலம் தனி. கைக்கென்றே ஒரு துறையைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி. நுனி சீவப்பட்ட விரலைப் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையொன்றை அவரும் உடன் பணியாற்றியவரும் 1980இல் வெளியிட்டார்கள். பிற நாடுகளிலும் பயன்படும் முறை அது. இத்துறையில் பயின்ற நண்பர் ஒருவர் சொன்னது: ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள குருதிக் குழாயை நுண்ணோக்கியின் கீழ்த் தைத்துப் பழக, இறைச்சிக் கடையிலிருந்து கோழித்தொடை வாங்கிவருவார்களாம். தலைமயிரைவிட மெல்லிய நூல். மூச்சை இழுத்துவிட்டாலே கை அசைந்தது தெரியுமாம்.

பிராண்டின் கல்விக்கு இப்படிப்பட்ட ஒழுங்கான கணக்கு இல்லை. தந்தை ஜெஸ்ஸி பிராண்டு சமயப் பணிக்காக மலையேறியவர். கட்டடத் தொழில் அறிந்தவர். மருத்துவத்தில் பெற்றிருந்ததோ ஓராண்டுப் பயிற்சி மட்டும். மலையில் வேறு மருத்துவர் இல்லாததால் பல் பிடுங்குவதும் கட்டி கீறுவதும் அவர் பாடாயின. அக்காலத்தில் நரம்புச் சிலந்தி எனப்பட்ட புழுநோய் நம்மூர்களில் மிகுதி. காலில் கொப்புளம் உடைந்து தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் புழு அறுந்து உள்ளே சீழ்வைக்கும். இந்தியாவில் அந்நோய் ஒழிந்ததாக 2000இல் சான்றளிக்கப்பட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. சிறுவன் பால் தந்தையின் அருகில் நின்று இதையெல்லாம் பார்த்தான். கற்றுக்கொண்டான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவனுக்கு மிஞ்சியது அருவருப்பு. சீழும் குருதியும் நிறைந்த இத்தொழில் தனக்கு வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தான். ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வந்தபோது பிள்ளைகளை விலக்கி நிறுத்திவிட்டு, தந்தை கையுறை மாட்டிக்கொண்டு புண்களுக்குக் கட்டுப்போட்டதையும் அவன் கண்டான். தந்தை கையுறை அணிந்து அவன் அதுவரை பார்த்ததில்லை.

ஒன்பது வயதில், 1923இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். இலண்டனில் பாட்டியும் அத்தைமாரும் வாழ்ந்த வீடு. 1929இல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதமோ அதன்பிறகே கப்பலில் வந்து சேர்ந்தது. தாய் எவலின் மீண்டும் மலைக்கே திரும்பி, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை அம்மக்களிடையே வாழ்ந்தார். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத் தகும்.

பள்ளியை விட்ட பால், தந்தையைப்போல் கட்டடத் தொழிலுக்குப் போனார். தச்சரிடமும் கொத்தனாரிடமும் ஏறத்தாழ ஐந்தாண்டு. மரத்தின் ஓட்டம் அறிந்து இழைப்புளி பிடிக்கவும், தூக்குக்குண்டும் இரசமட்டமும் வைத்துச் சுவர் எழுப்பவும் கற்றார். அதன்பிறகே மனம் மாறி, தந்தை படித்த அதே ஓராண்டு மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அங்கே மருத்துவத்தின்மேல் பற்று உண்டாகி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் முறையாகப் பயிலத் தொடங்கினார். படிப்பின் நடுவே போர் வந்தது. குண்டுவீச்சில் சிதைந்து வந்தவர்களைத் தைத்துத் தைத்தே அறுவை பழகினார் எனலாம். உடன் பயின்ற மார்கரெட்டை மணந்தார். அவர் பின்னாளில் தொழுநோயாளர்களின் கண்களுக்கு மருத்துவம் செய்தவர்.

கட்டடத் தொழிலில் கழிந்த ஆண்டுகளை வீணானவை என்று நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். நம் கல்லூரிகளில் ஓராண்டு 'இடைவெளி' இருந்தாலே நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளை நாம் அறிவோம்.

1946இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அழைத்தவர் தொழுநோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேன். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைச் சுற்றிப் பார்க்க அவரோடு சென்றார் பிராண்டு. எங்கு நோக்கினும் மடங்கிய கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று காக்ரேனைக் கேட்டார். தாம் தோல் மருத்துவர், இதற்கு விடை காண வேண்டியவர் அறுவை மருத்துவரே என்பது காக்ரேனின் மறுமொழியின் சாரம். இத்தனை பேரைப் பாதிக்கும் ஊனத்தை எலும்பு மருத்துவர் எவரும் முறையாக ஆராய்ந்திருக்கவில்லை. பிராண்டு ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது இரும்புப் பிடியாய்ப் பிடித்தது. வலியில் அவர் துடித்துப்போனார். அந்தக் கைக்குள் உயிருள்ள தசைகள் இருந்தன.

இங்கே கையின் அமைப்பைச் சிறிது சொல்லாமல் நகர முடியாது. விரலை மடக்கும் வலிய தசைகள் கைக்குள் இல்லை; முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் பொம்மலாட்டக் கயிறுகள்போல் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு ஓடுகின்றன. உள்ளங்கைக்குள் இருப்பவை சிறு தசைகள். விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே நுனியை நீட்டிவைப்பது அவற்றின் வேலை. ஒரு டம்ளரைப் பிடிக்கப் போகும்போது விரல்கள் முதலில் அகன்று வளைந்து, பிறகு டம்ளரைத் தழுவுகின்றன அல்லவா, அந்த நயம் சிறு தசைகளால் வருவது. தொழுநோயில் நரம்புகள் தோலை ஒட்டி வரும் இடங்களில், முழங்கை அருகிலும் மணிக்கட்டிலும், வீங்கிக் கெடுகின்றன. அதற்குக் கீழே உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. மேலே உள்ள பெருந்தசைகளில் பல தப்பிவிடுகின்றன. ஆகவே விரல் நுனிகள் முதலில் சுருண்டு, பிடிக்க வேண்டிய பொருளையே தள்ளிவிடும்.

ஆயிரக்கணக்கான கைகளைத் தசை தசையாகச் சோதித்துப் பட்டியலிட்டால், கெடும் தசைகள் எவை, தப்பும் தசைகள் எவை என்பதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. இனி நோயால் கெடாது என்று நம்பத்தக்க தசையின் நாணை எடுத்து, கெட்டதன் வேலைக்கு அமர்த்தலாம். ஒரு நாணை நான்காகப் பிளந்து, நான்கு விரல்களின் பக்கவாட்டில் செலுத்தித் தைப்பது ஒரு முறை. இம்முறை போலியோ முதலியவற்றால் கெட்ட கைகளுக்காக முன்பே வகுக்கப்பட்டிருந்தது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றைப் பயன்படுத்திச் செய்வது பிராண்டு பின்னர் வகுத்துக்கொண்டது. தையலில் எவ்வளவு இழுவிசை தருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிகுந்தால் விரல் விறைக்கும். குறைந்தால் தைத்தும் பயனில்லை. அந்த அளவு அளவுகோலில் இல்லை, கையில்தான் இருக்கிறது. நான்கு கதவுக்கும் கீல் ஒத்துப்போகப் பூட்டத் தெரிந்த தச்சர் இதை உடனே புரிந்துகொள்வார் என்பது நம் எண்ணம். 1952இல் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய ஹண்டேரியன் சொற்பொழிவின் பொருள் தொழுநோயில் கையை மீட்டமைப்பது.

மாவுக்கட்டு மூன்று நான்கு வாரம். அதைப் பிரித்தபின் தொடங்குவது நோயாளியின் கல்வி. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் இப்போது கட்டை விரலில் இருக்கும். மோதிர விரலை மடக்கு என்று இயன்முறை மருத்துவர் சொல்வார். நோயாளி மடக்க நினைப்பார். அசைவது கட்டை விரல்! முதன்முதல் அதைக் காணும்போது பலர் சிரித்துவிடுவார்களாம். மெல்ல மெல்ல மூளை புதிய பாடத்தை ஏற்றுக்கொள்கிறது.

கைகளோடு முகமும் சீரமைக்கப்பட்டது. புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் அமைத்தார்கள். தலைமுடியானதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரிக்க வேண்டும். நெடுநாள் புருவமின்றி இருந்தவர்கள் அதைக் கத்தரிக்க மனமின்றி நீளமாகவே விட்டுவைத்ததுண்டு என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. அறுவை செய்து அனுப்பியவர்களில் சிலர் திரும்பிவந்து முறையிட்டார்கள். விரல் நிமிர்ந்துவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது. நோயின் வடு முகத்தில் இருப்பதால் வேலையும் கிடைப்பதில்லை. இந்த இடத்தில்தான் பிராண்டின் பழைய தொழில் வெளியே வருகிறது. வேலூரில் மண்குடிசைகள் கட்டி, குணமானவர்கள் தங்கித் தொழில் பழக 'நவஜீவ நிலையம்' அமைத்தார்கள். தச்சு வேலையைச் சொல்லித்தந்தவர் பிராண்டே.

நூல்களில் இல்லாத பாடத்தை அவர் பயின்றது அந்தப் பட்டறையில். அறுவையால் சீரான கைகளில் நாள்தோறும் புதுப்புண்கள். தொழுநோயில் சதை தானே அழுகி விழும் என்று உலகமே நம்பியிருந்தது. ஒருநாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். அவன் கையை வாங்கிப் பார்த்தால், சாவி விரலின் எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றுமுதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியல் பிடியிலிருந்த சிம்பு, சூடான பாத்திரம், விளக்குச் சுடர். இரவில் உறங்கியவரின் விரல் காலையில் குறைந்திருந்ததும் உண்டு. விழித்திருந்து பார்த்தபோது, எலி. உணர்விழந்த விரலைக் கடித்தால் உறக்கம் கலைவதில்லை. வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். உளிகளுக்குப் பருத்த பிடி போட்டார்கள்.

மேரி வர்கீசைச் சொல்லாமல் விட மனமில்லை. வேலூரில் பணியாற்றிய இளம் மருத்துவர். 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். கையறுவை உட்கார்ந்து செய்வது; ஆகவே சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்யலாமே என்று பிராண்டு அவரை ஊக்கினார். அவர் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தியமைத்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து வேலூரில் அத்துறையையே வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ.

இனி நம் வீட்டுக் கை. தந்தையாரின் தமக்கை, நம் பெரியத்தை. நோய் தெரிந்ததும் புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள். கொல்லைப்புறத்தில் ஒரு கீற்றறை, தனித் தட்டு, தனிச் சொம்பு. மருந்தால் நோய் தீர்ந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தபின்னும் தட்டு தனியாகவே இருந்தது. தொழுநோய் என்னும் சொல்லின் பிறப்பை இங்கே ஆராயப் புகவில்லை. ஆனால் இருகை கூப்பித் தொழ அந்தக் கையால் முடியாது என்பது நமக்குச் சிறுவயதிலேயே தெரியும். விரல்கள் ஒட்டி நிமிர்ந்தால்தானே கும்பிட?

1970களின் நடுவில் வேலூர்ப் பக்கம் சென்று அறுவை செய்துகொண்டு வந்தார். நாம் பிறப்பதற்கு முன். நாம் அறிந்தது அறுவைக்குப் பிந்திய கையை. அந்தக் கையால் அவர் கோலம் போடுவார். கட்டை விரலும் சுட்டு விரலும் சேரும். ஆனால் இடையில் மாவு இருக்கிறதா, ஒழுகிவிட்டதா என்பது விரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு இழையையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இழுப்பார். மற்ற பெண்கள் பேச்சுக்கிடையே போட்டுவிடும் கோலம் அவருக்கு முக்கால் மணி நேரம். அடுப்படியில் நம்மை அருகில் நிறுத்திக்கொள்வார். "சட்டி சூடா இருக்குதா, தொட்டுச் சொல்லுடா கண்ணு" என்பார். நாம் தொட்டுக் கையை உதறினால், துணியை எடுத்துக்கொள்வார். மாலையில் விளக்கேற்றியதும் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவார். மருத்துவமனையில் கற்றுத்தந்த பாடம், ஒருநாளும் தவறியதில்லை.

அவர் போட்ட கோலத்தைப் பார்த்துப் பாராட்டிய ஊர்ப்பெண்களில் ஒருவரும் அவர் கையால் ஒருவாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததை நாம் கண்டதில்லை. தந்தையாரும் அப்படியே. அக்காவுக்கு அறை கட்டித்தந்தவர், மருந்துக்குப் பணம் தந்தவர், அவர் சமைத்ததை மட்டும் தொடமாட்டார்.

பிராண்டு 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் கண்டறிந்தது நம் கதைக்கும் தொடர்புடையது. நீரிழிவு முற்றியவர்களின் பாதங்களில் ஆறாத புண்கள் வருவதற்குப் பெருங்காரணமும் உணர்விழப்பே. இரண்டு நோய்க்கும் பாதத்தைக் காக்கும் வழி ஒன்றே என்று அங்குள்ளவர்களோடு சேர்ந்து வலியுறுத்தினார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் மாவுக்கட்டு, மெத்தென்ற ரப்பர் செருப்பு, நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல். வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்றவை இன்று நீரிழிவாளர்களின் பாதங்களைக் காக்கின்றன. அவர் 2003 சூலையில் சியாட்டிலில் காலமானார்.

தந்தையாருக்கு நீரிழிவு வந்து இருபதாண்டுக்கு மேலாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவந்தவர், வீட்டுக்கு வந்தபின்தான் பாதம் முழுதும் கொப்புளித்திருப்பதைக் கண்டார். மருத்துவர் எம்.சி.ஆர். செருப்பு எழுதித் தந்தார். வாங்கிவந்து காலருகில் வைத்தோம். உற்றுப் பார்த்தார். அக்காவின் அறை வாசலில் அவர் நாற்பதாண்டுகளாகப் பார்த்துவந்த அதே செருப்பு. "இது அந்தச் செருப்பு. இத நான் போடமாட்டேன்" என்று ஒதுக்கிவிட்டார். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. புண் ஆறவில்லை.

எட்டாம் நாள் மாலை பெரியத்தை கொல்லையிலிருந்து முன்கட்டுக்கு வந்தார். அவர் அப்படி வருவதில்லை. திண்ணையில் இருந்த தம்பிக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, "காலத் தூக்குடா" என்றார். தந்தையார் எங்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு தூக்கினார். அத்தை தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை நெருக்கமாகக் கொண்டுபோய், விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் பக்கவாட்டு என்று ஒவ்வோரிடமாகக் கண்ணால் பார்த்தார். சிறு முள் ஒன்று இருந்தது. எடுக்கச் சொல்லி நம்மிடம் காட்டினார். செருப்பைக் காலருகே தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது அது அன்றாடம். விளக்கு வைக்கும் நேரத்தில் தந்தையாரே திண்ணைக்கு வந்து காலை நீட்டிக்கொள்கிறார். "இன்னிக்கி ஒண்ணுமில்ல, எழுந்து போ" என்கிறார் அத்தை.